முட்டம் கடலுக்கு மேலே 2.6 மில்லிமீட்டர்: ட்ரோபோமி ஓசோன் தரவுடன் என் அனுபவம்

நாகர்கோவிலில் இயற்பியல் பாடம் எடுக்கிறேன். சென்டினல்-5பி செயற்கைக்கோளிலுள்ள ட்ரோபோமி கருவியின் ஓசோன் தரவை 2019 ஆகஸ்டு முதல் மாணவர்களோடு சேர்ந்து பயன்படுத்துகிறேன். அந்த மாதம்தான் அதன் கட்டம் (ஒரே அளவீடாகப் பதிவாகும் நிலப்பரப்பு) 7 கி.மீ. நீளத்திலிருந்து 5.5 கி.மீ. ஆனது, அகலம் 3.5. செயற்கைக்கோள் தலைக்கு நேரே போகும் நாளில் எங்கள் குமரி மாவட்டம் எண்பது, தொண்ணூறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடந்து போகும். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பதிவு செய்யும். 325 முதல் 335 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாப் பகுதியில் ஓசோன் ஒளியை விழுங்குவது ஏறியும் இறங்கியும் இருக்கும். அந்த மேடுபள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துத்தான் ஓசோனின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஓசோனை அளக்கும் அலகு டாப்சன். 260 டாப்சன் என்று வந்தால், மேலேயுள்ள ஓசோனை எல்லாம் கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில் திரட்டினால் 2.6 மில்லிமீட்டர் கனம். வகுப்பில் ஒரு தீக்குச்சியைக் காட்டி, இதைவிடக் கொஞ்சம் தடிமன் என்பேன். அத்தனை உயரத்துக்கும் இவ்வளவுதானா என்று பிள்ளைகள் வியந்து போவார்கள்.

மேகம்தான் பெரிய பாடம் கற்றுக்கொடுத்தது. முதல் வருடம் தர எண்ணை (ஒவ்வொரு அளவீட்டையும் எவ்வளவு நம்பலாம் என்று தரவோடு வரும் எண்) பார்க்காமல் எல்லாக் கட்டங்களையும் சராசரி எடுத்துவிட்டோம். ஒரு ஜூலை நாளில் தோவாளைப் பக்கம் மலையில் மேகம் அப்பியிருந்த கட்டமும் முட்டம் கடலோரக் கட்டமும் ஒத்துப்போகவே இல்லை. ஒரு மாணவி விடாமல் கேட்டதால்தான் கையேட்டைத் திறந்தேன். மேகம் மறைத்தால் கருவிக்குத் தெரிவது மேக உச்சிக்கு மேலுள்ள ஓசோன் மட்டும். கீழே உள்ளதைப் பழைய சராசரிகளை வைத்து நிரப்புகிறார்கள். ஓசோனில் பெரும்பகுதி மேகங்களுக்கு மேலேயுள்ள அடுக்கு மண்டலத்தில் இருப்பதால் பிழை சிறியதுதான். ஆனால் எங்கள் ஊரில் பருவத்துக்குப் பருவம் வரும் மாற்றமும் சிறியது! இப்போது தர எண் 0.5-க்குக் கீழிருந்தால் தள்ளிவிடுகிறோம். மேக அளவையும் அட்டவணையில் தனிப் பத்தியாகக் குறித்து வைக்கிறோம்.

இன்னொன்று. இந்த எண்ணை வைத்து, நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதற்குத் தரையில் கருவி வேண்டும். பெற்றோர் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கோப்புகள் கனமானவை, பொறுமை வேண்டும். ஆனாலும் இரண்டு பருவமழையும் ஓய்ந்து, தை பிறந்து வானம் தெளிந்ததும் வரைபடத்தில் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து உட்காரும். அந்த வாரங்களுக்காகவே வருடம் முழுக்கப் பதிவிறக்குகிறோம்.