முயல் தோல் பதப்படுத்த படிகாரமா, ஆவாரம்பட்டையா? ராம்நாடு கரையோரத்துக்கு எது செட் ஆகும்

முயல் வளர்க்குற பலபேரு கறிய எடுத்துட்டு தோலக் குழியில போட்டு மூடிடுறாங்க. வீட்டுலயே பதப்படுத்தலாம்தான், ஆனா எந்த முறைன்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, பாதி குளிர் ஊருக்காரங்க முறை. மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் இருக்குறவங்களுக்கு தண்ணியும் கடக்காத்தும்தான் முடிவு பண்ணும்.

செலவும் சிரமமும் கம்மி படிகாரத்துல. 5 லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ கல்லுப்பு, கால் கிலோ படிகாரம், பிளாஸ்டிக் வாளி, ஒரு வாரம் ஊறணும், தினம் கிளறிவிடணும். உப்புக்கு நமக்கென்ன பஞ்சம், வாலிநோக்கத்துல அரசு உப்பளமே இருக்கு. முடி வெள்ளை மாறாம நிக்கும், நியூசிலாந்து ஒயிட்ங்குற வெள்ளை முயல் இனத்துத் தோலுக்கு இதுதான் அழகு.

ஆனா போர் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. நம்ம பக்கத்து சவுருத்தண்ணில படிகாரத்தப் போட்டா கொஞ்சம் வெள்ளையா திரிதிரியா வந்து அடியில தங்கலாம், குடத்துல கலங்கல் தெளிய போடுவோம்ல அதே வேலதான், தோலுக்குள்ள ஏறவேண்டிய சரக்குல கொஞ்சம் வீணாப்போகும். மழைத்தண்ணி இல்லன்னா காவேரித்தண்ணி. இன்னொரு குறை, படிகாரத் தோல நனைக்கவே கூடாது, அலசுனா படிகாரம் கழண்டு போயி காயும்போது அப்பளமா விறைச்சிரும். சரி நனைக்கலன்னு வைங்க, உள்ள தங்குன உப்பு ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்துல வேர்க்க ஆரம்பிக்கும், தொட்டா பிசுபிசுன்னு இருக்கும், பெட்டில வச்சா பூசணம்.

ஆவாரம்பட்டை இதுக்கு நேர் எதிர். குரோமியம் உப்புல பதப்படுத்துறது வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊரு தோல்ஷாப்புங்க ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வச்சுத்தான் ஓடுச்சு. தரிசுல தானா கெடக்குற செடி, கண்மாய் நாட்டுக் கருவேலம்பட்டையும் ஆகும். நனைஞ்சாலும் பதம் போகாது, கடக்காத்துல படிகாரத் தோல் அளவுக்கு வேர்க்காது. ஆனா வாரக்கணக்குல பொறுமை வேணும், வெள்ளை முடி பழுப்பாயிரும், இரும்புச் சட்டில ஊறவச்சீங்கன்னா கருகருன்னு கறை. மொதல்ல லேசான பட்டைச் சாறு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டி, எடுத்தவுடனே கெட்டியா ஊத்துனா மேல்பக்கம் இறுகி உள்ள பச்சையாவே நிக்கும். வெயில் காலத்துல லேசான சாறுல கெட்டுப்போயி முடி கழண்டு வர்ற ஆபத்தும் இருக்கு, அதனால ஆரம்பத்துல கல்லுப்பு சேர்த்துக்கணும். பதம் பாக்க கழுத்துப்பக்கம் ஓரத்துல ஒரு துணுக்கு வெட்டிப் பாருங்க, வெட்டுன எடத்துல நடுவுல வெள்ளைக் கோடு தெரிஞ்சா இன்னும் ஊறணும்.

முட்டை மஞ்சக்கரு தடவி புகை போடுற முறையும் உண்டு, தோல் பட்டு மாதிரி வரும், ஆனா புகை வாடை லேசுல போகாது. பேட்டரி ஆசிட் வேகமான வேலதான், சோடா மாவு போட்டு சரியா முறிக்கலன்னா கொஞ்ச நாள்ல தோலே இத்துப்போயிரும், சின்னப்புள்ளைங்க இருக்குற வீட்டுல அந்தப் பேச்சே வேணாம்.

என்னக் கேட்டா, செவத்துல மாட்ட, பொம்மை தைக்கன்னா படிகாரம், அதுவும் பங்குனி சித்திரை வெயில்ல செஞ்சு முடிச்சு எண்ணெய் தடவி வைக்கணும். பை, செருப்பு உள்பக்கம்னு கைபடுற, வேர்வைபடுற சாமானுக்கு ஆவாரம்பட்டைதான், சந்தேகமே வேணாம். எதுல செஞ்சாலும் சதைப்பக்க சவ்வ முழுசா உரிக்கணும், அரை ஈரத்துல இழுத்து இழுத்து நெகிழவிடணும், இல்லன்னா ரெண்டுமே அட்டைதான். மூணு மாசக் கறிமுயல் தோல் ரொம்ப மெல்லிசு, இழுத்தா கிழியும், வயசான தாய் முயல் தோல்ல பழகுங்க.

அப்புறம் இதெல்லாம் பண்ணை முயலுக்குத்தான். காட்டுமுயல் 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது, அந்தத் தோல் வீட்டுல இருந்தாலே கேஸு.