எந்த வலிக்கு எந்தப் பட்டை: டர்பன் கடைகளில் கிடைக்கும் பேறுகால பெல்ட், தலையணை பற்றிய மதிப்பீடு

ஐந்தாம் மாதம் தாண்டியபின் 'குறுக்கு விட்டுப்போகிறது' என்று சொல்லாத பிள்ளைத்தாச்சி குறைவு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மருந்துக் கடையில் பேறுகால பெல்ட் கேட்டால், பெரும்பாலும் அளவை மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்துத் தருவார்கள். எங்கே வலிக்கிறது என்ற கேள்வி வராது. பணம் வீணாவது அங்கேதான். இந்த பெல்ட்டுகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்திலும் அதற்கு மேலும், முதுகுத்தண்டின் இரு பக்கமும் கனத்து இழுத்தால் அது பெரும்பாலும் தசை வலி. வயிறு முன்னே தள்ளத் தள்ள, முதுகுத் தசை பொழுதெல்லாம் இழுத்துப் பிடித்தே நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழே, இடுப்பின் பின்பக்கம் இரண்டு குழி விழுகிற இடத்தில் ஒரு பக்கமாகக் குத்தினால், படி ஏறும்போதும் படுக்கையில் புரளும்போதும் உயிர் போனால், அது இடுப்பெலும்பு மூட்டு வலி. முன்பக்கம் அடிவயிற்றின் கீழ்க்கோடியில் உள்ள எலும்பு வலித்தாலும் இதே வகைதான். கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் மூட்டைக் கட்டியிருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. மூட்டு கொஞ்சம் அசையத் தொடங்குகிறது.

தும்மினாலோ சட்டென்று எழுந்தாலோ அடிவயிற்று ஓரத்தில் சுரீரென்று இழுத்து, சில நொடியில் போய்விடுவது வேறு. கருப்பையைத் தாங்கும் நார் நீள்வதால் அது வருகிறது. அதற்கு பெல்ட்டே வேண்டாம். தும்மல் வரும்போது இடுப்பை மடக்கிக் கொஞ்சம் முன்னே சாய்ந்தால் போதும்.

காசு கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். கால் எவ்வளவு கனக்கிறது, எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். பிறகு அம்மாவோ கணவரோ இடுப்பெலும்பின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடிக்கட்டும். அதே காலை மறுபடி தூக்குங்கள். இப்போது கால் லேசாக எழுந்தால், குறுகலான பெல்ட் உங்களுக்குக் கைகொடுக்கும் வாய்ப்பு நிறைய. வித்தியாசமே இல்லையென்றால் அந்த வகையை வாங்காதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் மல்லாந்து கிடக்க வேண்டாம். தலை சுற்றினால் உடனே ஒருக்களித்துவிடுங்கள்.

நாலு விரல் அகலத்தில், வயிற்றைத் தொடாமல் இடுப்பெலும்பை மட்டும் சுற்றி வரும் அந்தக் குறுகலான பெல்ட்டுக்குத்தான் எங்கள் முதல் ஓட்டு. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். பெட்டியில் அழகான படமும் இருக்காது. ஆனால் மூட்டு வலிக்கு இதைவிடப் பொருத்தமானது கடையில் இல்லை. கட்டுகிற உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பின்பக்க மூட்டில் வலி என்றால், முன்னால் துருத்தும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே பெல்ட் வர வேண்டும். முன்பக்க எலும்பில் வலி என்றால் இன்னும் இறக்கி, அந்த எலும்பின் மட்டத்திலேயே சுற்ற வேண்டும். இடுப்புச் சதையில், அதாவது சேலைக் கொசுவம் செருகும் இடத்தில் கட்டினால் வயிறுதான் நசுங்கும், மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. இறுக்கம், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவு. அதற்கு மேல் இறுக்குவதால் மூட்டு கூடுதலாக நிலைப்பதில்லை. தொடை மரத்துப்போவதுதான் மிச்சம்.

அளவு எடுக்கும்போது உங்கள் பழைய பாவாடை அளவையோ ஜீன்ஸ் அளவையோ சொல்லாதீர்கள். பெல்ட் உட்காரப்போகும் அதே இடத்தில் டேப்பைச் சுற்றி, சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள்.

அகலமான பெல்ட், முதுகில் கையகலமும் முன்னால் வயிற்றின் அடியில் ஒரு பட்டையுமாக வருவது, முதலில் சொன்ன தசை வலிக்கு உரியது. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கும், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கும் இது ஆறுதல் தரும். இதன் தத்துவம் கீழிருந்து தாங்குவது, சுற்றி இறுக்குவது அல்ல. வலது கையால் வயிற்றை மெல்ல மேலே ஏந்திப் பிடித்தபடி இடது கையால் ஒட்டினால்தான் பாரம் பெல்ட்டில் இறங்கும். ஏந்தாமல் கட்டினால் அது வெறும் துணி. கடையிலேயே போட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்: முதுகில் தைத்திருக்கும் பிளாஸ்டிக் கம்பிகள் உட்காரும்போது விலாவில் குத்துகிற மாதிரிகள் நிறைய. மினிபஸ் டாக்சியில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பி வைத்தது ஒத்துவராது.

தோள்பட்டை வைத்த மூன்றாவது வகையைப் பெரும்பாலோர் வாங்க வேண்டியதில்லை. வயிற்றுப் பாரத்தைத் தோளுக்கு மாற்றுகிறது. கழுத்து வலி புதிதாகச் சேர்கிறது. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் கழற்றி மாட்டவும் வேண்டும்.

துணி விஷயத்தில் டர்பன் வெயிலை மறந்துவிடக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை நம் ஊர்ப் புழுக்கத்தில், ரப்பர்போல் தடித்த நியோபிரீன் பெல்ட் வயிற்றடி மடிப்பில் வியர்க்குருவையும் படர்தாமரையையும் கொண்டுவரும். காற்றுப் புகும் வலைத்துணியோ பருத்தி கலந்த எலாஸ்டிக்கோ தேடுங்கள். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டு அதன்மேல் கட்டுங்கள். பெல்ட் முதலில் கெட்டுப்போகும் இடம் வெல்க்ரோ. துவைக்கும்போது திறந்து விட்டால் நூலும் முடியும் அப்பிப் பிடிப்பு போய்விடும். மூடி ஒட்டி, குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சூடான டிரையர் எலாஸ்டிக்கைச் சாகடிக்கும்.

எந்த பெல்ட்டும் நாள் முழுக்க வேண்டாம். நடக்கும்போதும் நிற்கும்போதும் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு கழற்றி ஓய்வு. தூக்கத்தில் கட்டவே கூடாது. பெல்ட் வலியைக் குறைக்கும் என்பதற்கான ஆய்வு ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் அதைவிட மேல். முழங்காலிலும் கையிலும் ஊன்றி, மூச்சை விட்டபடி முதுகை மெதுவாகக் கூன வைத்து மறுபடி சமமாக்குவது, காலையும் மாலையும் பத்து முறை. சாட்ஸ்வொர்த் மேட்டில் ஏறி இறங்குவதைவிடக் கடற்கரை நடைபாதையின் சமதரையில் நடப்பது மூட்டுக்கு இதம்.

பிரசவமானபின் பழைய சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அதே கட்டைப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கட்டிவிடும் பெரியவர்கள் உண்டு. பாசத்தில் செய்வதுதான், ஆனால் அது மேலிருந்து நசுக்கும் கட்டு. மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

தலையணைக்கு வருவோம். ஆள் உயர யு வடிவத் தலையணை சுகமாகத்தான் இருக்கும், ஆனால் பாதிக் கட்டிலை அடைத்துக்கொள்ளும், இரவுப் புழுக்கத்தில் கொதிக்கும், பக்கம் மாறிப் படுக்கும்போது தாண்ட முடியாது. வீட்டிலிருக்கும் மூன்று தலையணை அதே வேலையைச் செய்யும்: ஒன்று கால்களுக்கு நடுவில், மடித்த துண்டு வயிற்றுக்கு அடியில், ஒன்று முதுகுக்குப் பின்னால், மூன்றாவது தலைக்கு. கால்களுக்கு நடுவில் வைப்பது முழங்காலிலிருந்து கணுக்கால்வரை போக வேண்டும். முழங்காலில் மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி இடுப்பு முறுக்கிக்கொள்ளும். காலையில் வலி கூடியிருப்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம். ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வயிற்றடியில் செருகும் ஆப்பு வடிவச் சின்னத் தலையணை காசுக்குத் தகும். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்தே தூங்கப் போங்கள். எழும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்தபடி புரண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

அதே கடையில் அலமாரி நிறைய இருக்கும் மாத்திரை, தைலம் பற்றியும் ஒரு வார்த்தை. தலைவலிக்கு நம் வீடுகளில் சாதாரணமாகக் கைபோகும் கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின் இருக்கிறது. வலிக்காக அதைப் பிரிக்காதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் 20 வாரத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும், கடைசி மாதங்களில் இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடும். முதல் தேர்வு பாராசிட்டமால். தேவைப்படும் அளவு, தேவைப்படும் நாள் மட்டும், ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டாமல். மருத்துவர் ரத்த அழுத்தத்துக்காகத் தினம் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தானாக நிறுத்த வேண்டாம். உடம்பு எரியும்படி சூடேற்றும் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும், அதுவும் ஆஸ்பிரினின் உறவுதான். பதிலாக வெதுவெதுப்பான ஒத்தடம், முதுகில் மட்டும், 15 நிமிடம்.

37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டுச் சீராக வரும் வலி, ரத்தம் அல்லது நீர்க்கசிவு, குழந்தை அசைவு குறைவது, கண் மங்கும் தலைவலியோடு வலது விலாவடியில் வலி, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவப்பது, தொடை இடுக்கு மரத்துப்போவது: இவை பெல்ட்டுக்கான வலி அல்ல. காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு 1994 முதல் கட்டணம் இல்லை. இடுப்பு மூட்டு வலிக்குப் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தையல் விட்டாலோ பொருளில் குறை இருந்தாலோ 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். குறுகலான பெல்ட்டைப் பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் கட்ட வேண்டிவரும், மூட்டு உடனே இறுகிவிடாது. ஆகவே வாங்கும்போதே நீளத்தைக் குறைத்து ஒட்ட இடம் இருக்கிறதா என்று வெல்க்ரோ பட்டையை விரித்துப் பார்த்து வாங்குங்கள்.