டிஎம்டி கம்பி ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 1,62,000 ரூபாய் போச்சு

1,62,000 ரூபாய். வீட்டுக்கடனில் முதல் தவணை வந்த கையோடு, கான்கிரீட்டுக்குள் போடும் டிஎம்டி கம்பிக்குக் கட்டிய பணம். கட்டுமானப் பொருள்களை மனைக்கே கொண்டுவந்து இறக்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் போடவில்லை.

நம்ப வைத்தது பேச்சுதான். விற்பனைப் பிரிவிலிருந்து பேசிய தம்பி வரைபடத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, தூணுக்கு 16 எம்எம், பீமுக்கு 16, 12, தளத்துக்கு 10, 8, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக்கு 8 என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு, மூன்று டன் வேண்டாம் மேடம், இரண்டரையே போதும் என்றார். விற்கிறவரே குறைத்து வாங்கச் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? "எல்லாமே 500டி, வளையும், உடையாது" என்றார். 500டி என்பது கம்பியின் ஒரு தர வகை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பிக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1786-இன்படி சாதா 500 கம்பி அறுவதற்கு முன் 12 சதவீதம் நீண்டால் போதும், 500டி குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும். அதற்காகத்தான் அதைக் கேட்டேன், முழுப் பணத்தையும் முன்பே கட்டினேன்.

லாரி இருட்டிய பிறகு வந்து அவசரமாக இறக்கிவிட்டுப் போனது. எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுநாள் ரிங் வளைக்கும்போது கம்பி கட்டுகிறவர் கூப்பிட்டார்: "அம்மா, வளைவுல விரியுது பாருங்க." வெளிப்பக்கம் முழுக்க மயிரிழை விரிசல். 12 எம்எம் கம்பியில் பத்து எடுத்துப் போய் எடை போட்டோம். 12 மீட்டர் கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும், பத்துக்கு 106 கிலோவுக்கு மேல் வரணும். வந்தது 95. 12 எம்எம்முக்கு 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று தரம் அனுமதிக்கிறது, இது 10 சதவீதத்துக்கும் மேல் குறைவு. டன் கணக்கில் பணத்தை வாங்கி, எடை போடாமல், ஒரு கம்பிக்கு இவ்வளவு கிலோ என்ற அட்டவணை எடைப்படி கம்பியை எண்ணிப் போட்டிருக்கிறார்கள். எடை குறைந்தால் கம்பி மெலிசு என்று அர்த்தம், பொறியாளர் தூணுக்கும் பீமுக்கும் போட்ட கணக்கே தப்பாகிவிடும். இதற்கு மேல்தான் என் பிள்ளைகள் படுத்துத் தூங்கணும்.

போன் செய்தால் முதலில் லாரிக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். அப்புறம் ஆலையைக் கேட்கிறோம் என்றார்கள். எடைச் சீட்டும் விரிசல் படமும் அனுப்பினேன், "வெட்டி வளைச்ச கம்பியை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்" என்று பதில். வளைக்காமல் விரிசல் எப்படித் தெரியும்? அந்தத் தம்பி இப்போது போனையே எடுப்பதில்லை. அவர்கள் அனுப்பிய சான்றிதழில் இருந்த உரிம எண்ணை, தர முத்திரை உரிமம் கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் வேறொரு ஆலையின் பெயர் வருகிறது. 1,62,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இப்படி.

விவரமாக எழுத இப்போது மனசு நிதானத்தில் இல்லை. பகலில் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். லாரியை வே பிரிட்ஜில் ஏற்றிச் சரக்கோடும் காலியாகவும் எடை பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள், முழுதாக முன்பணம் வேண்டவே வேண்டாம். கம்பி மேல் கம்பெனி முத்திரை, 500டி, அளவு மூன்றும் இருக்கிறதா பாருங்கள். உரிம எண்ணைப் பணம் கட்டும் முன்பே செயலியில் போட்டுப் பாருங்கள். நான் 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பியில் ஒன்றைக்கூடக் கான்கிரீட்டுக்குள் விடப் போவதில்லை.