பிக்கப்புக்கு ரீமேப்: டெல்டா ரோட்டில் நிஜமாகக் கிடைக்கும் மைலேஜ்

ரீமேப் என்றால் இஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான இசியுவின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது. அதனால் மைலேஜ் எவ்வளவு கூடும்? முதலில் எண்ணைச் சொல்லிவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் 2.5 லிட்டர் சிஆர்டிஐ (இசியு சொல்கிறபடி டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும்) டீசல் பிக்கப், ரீமேப் செய்தபின் லிட்டருக்கு 300 முதல் 600 மீட்டர் கூடுதலாக ஓடினால் அது நல்ல வேலை. 12 கொடுத்த வண்டி 12.5 கொடுக்கும். 15 கொடுக்காது. "மூணு கிலோமீட்டர் கூடும்ணே" என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இழுவைக்காகச் செய்கிறீர்கள் என்றால் இந்தச் சேவைக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். மைலேஜுக்காக மட்டும் என்றால், அதுவும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஓட்டத்துக்கு என்றால், 5-க்கு 2 தான்.

காரணம் ரோட்டில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை நிலம் கடலை நோக்கி லேசாகச் சரிகிறது. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். லோடோடு மொத்தம் 3 டன் வரும் பிக்கப், இந்தச் சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போக எவ்வளவு சக்தி வேண்டும்? டயர் உருள்வதற்கான தடை சுமார் 320 நியூட்டன், காற்றுத் தடை சுமார் 280. இரண்டும் சேர்ந்த 600 நியூட்டனை நொடிக்கு 16.7 மீட்டரால் பெருக்கினால் 10 கிலோவாட். கியர்பாக்ஸ், கிரவுன் இழப்பையும் சேர்த்தால் இஞ்சின் தர வேண்டியது 11 கிலோவாட், அதாவது 15 குதிரைத்திறன். வண்டியில் இருப்பதோ 75 குதிரைத்திறன்.

ரீமேப் செய்பவர் 75-ஐ 95 ஆக்கித் தருகிறார். டர்போ அழுத்தம், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்), டார்க் (இழுவிசை) வரம்பு, புகை வரம்பு என்று அவர் மாற்றுவதில் பெரும்பகுதி ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதிக்கும்போதுதான் வேலைக்கு வரும். கும்பகோணம் ரோட்டில் 55-ல் போகிற வண்டி அந்தப் பக்கமே போவதில்லை. ஏற்காடு, கொல்லிமலை ஏறுகிற வண்டிக்குக் கதை வேறு. அங்கே கூடுதல் டார்க் இருந்தால் இரண்டாம் கியருக்கு இறங்காமல் மூன்றிலேயே ஏறும், டீசல் மிச்சமாகும். டெல்டாவில் அந்த மிச்சத்துக்கு இடமே இல்லை.

பிறகு அந்த 300, 600 மீட்டர் எங்கிருந்து வருகிறது? இன்ஜெக்‌ஷன் டைமிங்கிலிருந்து, அதாவது டீசலைப் பீய்ச்சும் நேரத்திலிருந்து. நைட்ரஜன் ஆக்சைடு வரம்புக்குள் நிற்க, கம்பெனி பாதி லோடில் டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்திருக்கும். தெரிந்த ட்யூனர் அதை ஓரிரு டிகிரி முன்னே கொண்டுவந்தால் எரிதல் சற்றுச் சீக்கிரம் முடிந்து, அதே டீசலில் கொஞ்சம் கூடுதல் வேலை கிடைக்கும். அதற்கு மேல் கொண்டுவந்தால் 'கட கட' சத்தம் ஏறும், பிஸ்டனுக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கும் கேடு. 20 சதவீதம் கூடும் என்பவர்களிடம் இதைக் கேளுங்கள்: சிறிய டர்போ டீசல் தன் சிறந்த நிலையில் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய 35 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றுகிறது. அதில் 20 சதவீதம் கூட வேண்டுமானால் 42-க்குப் போக வேண்டும். அது பெரிய நெடுந்தூர லாரி இஞ்சின்கள் எட்டும் அளவு. சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி அங்கே போக வழியில்லை.

அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டாஷ்போர்டில் தெரியும் மைலேஜை ரீமேப்புக்குப் பிறகு நம்பவே கூடாது. அந்த எண் டேங்கைப் பார்த்து வருவதில்லை. இன்ஜெக்டருக்குத் தான் கட்டளையிட்ட அளவை இசியு கூட்டிக் காட்டுகிறது. ட்யூனிங் பாக்ஸ் என்று விற்கிற டப்பா, ரெயில் பிரஷர் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும். இசியு அதை நம்பி நிஜ பிரஷரை ஏற்றும், பழைய அளவு நேரமே திறந்திருக்கும் இன்ஜெக்டர் வழியாகக் கூடுதல் டீசல் போகும், கணக்கிலோ பழைய அளவே ஏறும். ஆகவே டாஷ்போர்டில் 14, பங்க் பில்லில் 11.8.

ஃபுல் டு ஃபுல் கணக்கு ஒன்றுதான் வழி: டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. அதிலும் ஒரு பொறி உண்டு. 25 லிட்டர் அடிக்கும்போது நுரை அடங்காமல், வண்டி சாய்ந்து நின்று, ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனால் பிழை 4 சதவீதம். ரீமேப் தரும் மொத்த லாபமே அவ்வளவுதான். ஒரு டேங்க் வைத்து "கூடிடுச்சு", "குறைஞ்சிடுச்சு" என்று சொல்வதில் பொருளே இல்லை. ரீமேப்புக்கு முன் குறைந்தது 1000 கி.மீ., பின் 1000 கி.மீ. பார்க்க வேண்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் திசையும் ஒன்றே. முதல் ஆட்டோ கட் விழுந்ததும் இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி கட் ஆகும் வரை அடித்து நிறுத்துங்கள். லோடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: அறுவடை மாதத்து நெல் ஓட்டத்தையும் ஆடி மாதக் காலி ஓட்டத்தையும் ஒப்பிட்டால் எண் எதையும் சொல்லாது. பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். போனில் ஜிபிஎஸ் போட்டு 50 கி.மீ. ஓட்டி வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அதன்படி திருத்துங்கள். பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) ரீஜெனரேஷன், அதாவது தேங்கிய கரியை எரிப்பது, எந்த டேங்கில் எத்தனை முறை நடந்தது என்பதும் எண்ணை ஆட்டிவிடும்.

அடிப்படை எண்கள் இப்படி. போலிரோ பிக்கப்பின் 2523 சிசி வகை இஞ்சின், எல்லாம் சரியாக இருந்து, 1.2 முதல் 1.5 டன் லோடோடு, 50–60 வேகத்தில், ஊர் ஊராக நின்று போகும் ரோட்டில் 12 முதல் 13.5 வரை கொடுக்க வேண்டும். கும்பகோணம் கடைத்தெரு, தஞ்சாவூர் மார்க்கெட் என்று சுற்றினால் 10, 11. நான்கு வழிச்சாலையில் 80-ஐப் பிடித்தால் மறுபடி 10, 11-க்கு இறங்கும். வைக்கோல் ஏற்றினால் 9, 10. 12 வர வேண்டிய ஓட்டத்தில் 10 தான் வருகிறது என்றால் ரீமேப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வண்டியில் எங்கோ பழுது. அதன் மேல் மேப் (மாற்றி எழுதிய சாஃப்ட்வேர்) ஏற்றினால் பழுது இன்னும் பெரிதாகும்.

சேவையில் மூன்று வகை ஓடுகிறது. மேலே சொன்ன டப்பா ஒன்று, அதைப் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டாவது, ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் மாட்டும் பிளக்) வழியாக இசியு ஃபைலைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதுவது. மூன்றாவது, இசியுவைக் கழற்றி மேஜையில் வைத்து எழுதுவது, ஓபிடி வழி பூட்டியிருக்கும் வண்டிகளுக்கு. பின்னிரண்டில் கவனிக்க வேண்டியது ஒன்று: லேப்டாப்போடு வருகிறவரே மேப்பைத் திருத்துகிறாரா, இல்லை ஃபைலை இணையத்தில் வேறெங்கோ அனுப்பித் தயார் ஃபைலாக வாங்கி ஏற்றுகிறாரா? பலரும் செய்வது இரண்டாவது. அந்த ஃபைல் உங்கள் வண்டியைப் பார்த்து எழுதப்பட்டது அல்ல. உங்கள் இன்ஜெக்டர் 1.5 லட்சம் கி.மீ. ஓடியது என்று அதற்குத் தெரியாது.

நல்ல ட்யூனர் வேலையைத் தொடங்கும் முன் ஸ்கேனர் போட்டுப் பழைய எரர் கோடுகளைப் பார்ப்பார். இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் எடுப்பார்: நான்கு ட்யூப், நான்கு பாட்டில், ஐடிலில் ஓடவிட்டு எந்தப் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறைகிறது என்று பார்ப்பது. ஒன்று வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது, முதலில் அதற்குத்தான் செலவு. பிறகு லோடு ஏற்றி ஒரு ஓட்டம் ஓட்டி ரெயில் பிரஷர், டர்போ அழுத்தம், காற்று அளவு எல்லாவற்றையும் பதிவு செய்வார். எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் போட்டே ஆக வேண்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் இசியு செத்துவிடும். டெல்டாவில் மழைக்காலத்தில் கரண்ட் போவது சாதாரணம், ஆகவே சார்ஜரை மட்டும் நம்பாமல் பேட்டரியே நல்லதாக இருக்க வேண்டும். முடிந்ததும் கம்பெனி ஒரிஜினல் ஃபைலைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் அந்த இடத்தில் செய்ய வேண்டாம். நாளை எஃப்சிக்கோ விற்பனைக்கோ பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றுதான் கதி.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதம் 3000 கி.மீ., 12 மைலேஜ் என்றால் 250 லிட்டர். 4 சதவீதம் கூடினால் 240 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் 900 ரூபாய் அளவுக்கு மிச்சம். ரீமேப்புக்கு 20,000 கேட்டால் போட்ட காசு திரும்ப இரண்டு வருஷம் ஆகும். அதுவும் டிரைவர் புதிய இழுவையைப் பயன்படுத்தாமல் பழைய மாதிரியே ஓட்டினால்! வண்டி துள்ளுகிறது என்று கால் அழுத்தினால் 12 என்பது 11 ஆகும். ரீமேப் செய்த பிக்கப்பில் மைலேஜ் குறைந்ததாக வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு மேப் காரணமல்ல, கால்தான்.

கெடுகிற வரிசையும் தெரிந்ததுதான். முதலில் கிளட்ச்: மேல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்ததும் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. அடுத்து இன்டர்கூலர் ஹோஸ் கிளிப் விடுவது. விசில் சத்தமும் கறுப்புப் புகையும் அதன் அடையாளம். மூன்றாவதுதான் ஆபத்து. லோடோடு நீண்ட நேரம் மிதித்தபடி போனால் டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு 700 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து நிற்கும். டர்போ சீலும் பிஸ்டன் தலையும் அதைத் தாங்காது. கறுப்புப் புகை என்பது எரியாத டீசல், நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது. "புகை தள்ளினால்தான் பவர்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஆயிலும் சீக்கிரம் கறுத்துக் கெட்டியாகும், மாற்றும் இடைவெளியைக் கால் பங்கு குறைத்துக்கொள்வது நல்லது.

டிபிஎஃப் எடுத்துவிடுகிறேன், ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை மறுபடி இஞ்சினுக்குள் விடும் வால்வு) அடைத்துவிடுகிறேன் என்று சேர்த்துச் சொல்வார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது. புகைப் பரிசோதனையில் புகை அடர்த்தி எண்ணுக்கு பிஎஸ்4 டீசலில் 1.62 வரம்பு, பிஎஸ்6-க்கு 0.7. டிபிஎஃப் இல்லாத பிஎஸ்6 வண்டி, அதுவும் மேப் ஏற்றியது, 0.7-க்குள் நிற்பது கடினம். நெல் அறுப்பு நாளில் வயல் ஓரம் இஞ்சின் ஓடவிட்டு நிற்கிற வண்டியின் புகையை மூட்டை தூக்குகிறவர்கள்தான் மூச்சில் வாங்குகிறார்கள். டிபிஎஃப் லைட் எரிந்தால் மேனுவல் சொல்கிறபடி 60 வேகத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். மார்க்கெட் ஓட்டம் மட்டுமே உள்ள வண்டிக்கு வாரம் ஒருமுறை இப்படி ஓட்டம் கொடுக்க வேண்டும்.

4 சதவீதத்தைவிடப் பெரிய லாபம் வேறு இடங்களில் கிடக்கிறது. 80-ல் போவதை 60-க்குக் கொண்டுவந்தால் 20 சதவீதத்துக்குக் குறையாது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அவ்வளவுதான் விஷயம். வைக்கோல் லோடில் இது இன்னும் கடுமை: எடை ஒரு டன்கூட வராது, ஆனால் கேபினுக்கு மேல் ஐந்தாறு அடி சுவர் மாதிரி நிற்கும். முன் வரிசையைச் சற்றுத் தாழ்த்திச் சரிவாக அடுக்கி, தார்ப்பாயைப் படபடக்காமல் இறுக்கிக் கட்டி, 45–50-ல் போனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் திரும்பக் கிடைக்கும்.

டயர் காத்து 10 பிஎஸ்ஐ குறைந்தால் 2 சதவீதம் வரை போகும், ரீமேப் லாபத்தில் பாதி. பின் டயரை லோடு அளவுக்கு மேனுவல்படி வையுங்கள். பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று பார்க்க, 10 கி.மீ. ஓட்டி நிறுத்தியதும் நான்கு வீல் நடுவிலும் புறங்கையைத் தொடாமல் அருகே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் டீசல் எரிகிறது.

அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டர் தனிக் கவனம் கேட்கும். நெல் சுணையும் வைக்கோல் தூசியும் ஒரே வாரத்தில் அடைத்துவிடும், ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் இறக்கைகளிலும் அப்பிக்கொள்ளும். குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் பத்து நாளைக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஏர் கம்ப்ரசரை அழுத்தி அடித்தால் காகிதம் கிழிந்து தூசி நேரே டர்போவுக்குப் போகும், ஆகவே உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில். ஐப்பசி, கார்த்திகையில் டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மாதம் இருமுறை திறந்துவிட வேண்டும். சிஆர்டிஐ பம்ப்புக்குத் தண்ணீர் எமன்.

நின்றபடி ஓடுவதும் கணக்கில் வரும். 2.5 லிட்டர் இஞ்சின் ஐடிலில் மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டிலும் கொள்முதல் நிலைய வரிசையிலும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 8 கி.மீ. ஓட்டம் போச்சு. ஓடி வந்த சூட்டில் அரை நிமிடம் விட்டு அணைத்துவிடுங்கள், டர்போவுக்கும் அது போதும்.

இசியு இல்லாத பழைய டிஐ வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ரீமேப் என்ற பேச்சே கிடையாது. பம்ப்பில் ஸ்குரூவைத் திருகி "ஏத்திவிடுறேன்" என்றால் டீசல் அளவு கூடுகிறது, புகை கூடுகிறது, மைலேஜ் குறைகிறது. பம்ப்பையும் நாசிலையும் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில் கொடுத்து, நான்கு லைனிலும் அளவு சமமாக வருகிறதா, நாசில் குறித்த பிரஷரில் திறந்து பூவாய்த் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். தேய்ந்த வண்டியில் அந்த ஒரு வேலைக்கே லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் திரும்ப வரும்.