விண்டோலண்டா கோட்டையும் அருங்காட்சியகமும்: ஒரு நாள் பார்வையின் மதிப்புரை

வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், ரோமானியர் தம் பேரரசின் எல்லையில் எழுப்பிய ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி இருக்கும் விண்டோலண்டா ரோமானியக் கோட்டைக்கும் அதன் அருங்காட்சியகத்துக்கும் கோடையில் ஒரு முழு நாளை ஒதுக்கினேன். அச்சுவரை ஒட்டி மலைமுகட்டில் நிற்கும் ஹவுஸ்டெட்ஸ் என்னும் ரோமானியக் கோட்டையின் எடுப்பான தோற்றம் இதற்குக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் தாழ்வான கற்சுவர்களும் வாய்க்கால்களும்தான். ஆனால் ரோமானிய எல்லைப்புறத்தை ஆராய்கிற தொல்லியலாளர் தம் வாழ்நாளை எதில் செலவிடுகிறார் என்று அறிய விரும்புகிறவர் முதலில் வரவேண்டியது இங்கேதான் என்பேன்.

காரணம், இவ்விடம் ஒரே குடும்பத்தின் உழைப்பால் உருவானது. எரிக் பர்லி 1929-இல் இந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். பின்னாளில் டரம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், உலகெங்குமுள்ள ரோமானிய எல்லைப்புற ஆய்வாளர்கள் இன்றும் கூடும் மாநாட்டை 1949-இல் தொடங்கிவைத்தவர். அவருடைய மகன்கள் ராபினும் ஆன்டனியும் சிறுவயதில் வாழ்ந்த வீடுதான் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆசிரியராக வேலை பார்த்த ராபின், 1970-இல் விண்டோலண்டா அறக்கட்டளை உருவானபின் அகழாய்வையே முழுநேரப் பணியாக்கிக்கொண்டு, 2018-இல் மறையும்வரை இவ்விடத்தோடு பிணைந்திருந்தார். அகழாய்வுத் தலைமை பின்னர் அவர் மகன் ஆன்ட்ரூவிடம் வந்தது.

ராபினின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு 1973-இல் நிகழ்ந்தது. ஈரமான பள்ளமொன்றில் கிடைத்த மெல்லிய மரத்துண்டுகள் முதலில் தச்சர் இழைத்துப்போட்ட சீவல்களைப் போலத்தான் தோன்றின; ஒட்டிக்கிடந்த இரண்டைப் பிரித்தபோது உள்ளே மையெழுத்து இருந்தது. காற்றுப் பட்டதும் எழுத்து மங்கத் தொடங்கியதால், அகச்சிவப்பு ஒளிப்படமே அதை மீட்டுக் கொடுத்தது. ரோமானியர் தம் மரக்கோட்டைகளை இடித்து, அவற்றின் மேல் களிமண்ணும் புல்கட்டிகளும் பரப்பி அடுத்த கோட்டையை எழுப்பியதால், அடியில் காற்றுப் புகாமல் மரமும் தோலும் மக்காமல் தப்பின. இந்த விளக்கத்தைக் கட்டடத்துக்குள் படிப்பதைவிட, அகழ்குழியின் ஓரத்தில் நின்று அந்தக் கருஞ்சேற்றைப் பார்க்கும்போதுதான் முழுமையாகப் புரிகிறது.

இப்படி எழுதப்பட்டு இதுவரை கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர ஏடுகளில் பெரும்பாலானவை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே காண்பவை சிலவே. ஏடுகளுக்காகவே வருகிறவருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் அவற்றின் வாசகங்களோ வியப்பளிப்பவை. ஒரு படைப்பிரிவின் கணக்கேடு மொத்தம் 752 பேரைக் காட்டுகிறது. அவர்களில் கோட்டையில் இருந்தவர்கள் 296 பேர்தான். அந்த 296 பேரிலும் 31 பேர் பணிக்குத் தகுதியற்றவர்கள், அந்த 31 பேரில் 10 பேருக்குக் கண்ணோய். தம் வீரர்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று மஸ்குலஸ் என்பவர் மேலதிகாரிக்கு எழுதுகிறார். கிளாடியா செவெரா, தளபதியின் மனைவி சுல்பிசியா லெபிடினாவைச் செப்டம்பர் 11-ஆம் நாள் தம் பிறந்தநாளுக்கு அழைக்கிறார், கி.பி. 100-ஐ ஒட்டிய அக்கடிதத்தின் இறுதியில் அவரே தம் கைப்பட எழுதிய சில வரிகள், பெண்ணொருவர் லத்தீனில் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் அடங்கும்.

என் பார்வையில் அருங்காட்சியகத்தின் சிறந்த பகுதி ஏடுகள்கூட அல்ல, காலணிகள். ஆயிரக்கணக்கில் கிடைத்த தோல் காலணிகளில் ஒரு தேர்ந்த தொகுப்பு சுவர் நிறைய அடுக்கப்பட்டிருக்கிறது. ஆணி அடித்த படைவீரர் செருப்புகளுக்கு நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் குழந்தைக் காலணிகளும் இருக்கின்றன. எல்லைக்கோட்டை என்றால் ஆண்கள் மட்டுமே வாழ்ந்த பாசறை என்னும் பழைய எண்ணத்தை அகற்ற அந்தச் சிறு காலணிகள் போதும். குத்துச்சண்டைக்குரிய தோல் கையுறைகளையும் தவறவிடக் கூடாது. வெளியே 1970-களில் எழுப்பப்பட்ட ஹேட்ரியன் சுவரின் மாதிரிகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

போகிறவர்கள் நல்ல பிடிமானமுள்ள காலணியும் மழைச்சட்டையும் கொண்டுபோக வேண்டும். கோட்டையிலிருந்து அருங்காட்சியகத்துக்குச் சரிவில் இறங்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் திரும்பி ஏறும் நேரத்தையும் கணக்கில் கொள்வது நல்லது. மேற்கே சில மைல் தொலைவிலுள்ள ரோமானியப் படை அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம்; ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயன்றால் இரண்டுமே அரைகுறையாகும். வசந்தம் முதல் கோடை வரையிலான அகழாய்வுப் பருவத்தில் போவதே சிறந்தது. கட்டணம் செலுத்தித் தன்னார்வலராகப் பதிவு செய்தவர்கள் அப்போது குழிகளில் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருப்பார்கள். கைக்கரண்டியில் வரும் ஒவ்வொரு மரத்துணுக்கையும் அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை வேலிக்கு இப்பால் நின்று நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.