தேக்கடிக் கூடாரமா, பரம்பிக்குளம் கூடாரமா?

காட்டுக்குள் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், இரண்டு பேரும் நன்றாக நடக்கவும் வேண்டும், எங்கே போகலாம்? கம்பம், தேனி பக்கத்துச் சொந்தக்காரர்களும் சிநேகிதிகளும் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நாங்கள் குமுளியில் குடியிருக்கிறோம். நான் பிறந்தது வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில். வீட்டுக்காரருக்குக் கம்பம், திராட்சைத் தோட்டக் குடும்பம். தேக்கடியில் இரண்டு முறையும் பரம்பிக்குளத்தில் ஒரு முறையும் இருவருமாகக் கூடாரத்தில் தங்கியிருக்கிறோம். கூடாரம் என்ற பேர்தான் ஒன்று. இரண்டும் வேறு வேறு பயணம். அது தெரியாமல் பணம் கட்டிவிட்டு முகம் சுருங்கித் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு காடும் கேரளத்தில் இருக்கின்றன, இரண்டு ஏரித் தண்ணீரும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கையும் தேனி, மதுரையையும் நனைக்கிறது. பரம்பிக்குளத்துத் தண்ணீர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாய்கிறது. நாம் குடிக்கிற, விதைக்கிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று ஒரு தடவையாவது நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இந்த இரண்டில் எது வேண்டுமானாலும் சரிதான்.

போய்ச் சேருவதில் தேக்கடி சுலபம். தேனியிலிருந்து குமுளிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் சோதனைச் சாவடி, அந்தப் பக்கம் கேரளம். பஸ்ஸிலேயே வந்துவிடலாம். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத்திலிருந்து நேர் ரோடு கிடையாது. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக் காட்டுக்குள் போய்த்தான் ஆனப்பாடி சாவடியில் கேரளத்துக்குள் நுழைய முடியும். இரண்டு மாநில வனத்துறைக்கும் தனித்தனியாக நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். இருட்டுவதற்கு முன்பே கேட் அடைத்துவிடுவார்கள், அதனால் மத்தியானத்துக்குள் சேத்துமடையைத் தாண்டிவிடுங்கள்.

சரி, காட்டுக்குள் போவோம்.

தேக்கடிக் காடு என்று நாம் சொல்வது பெரியாறு புலிகள் காப்பகத்தை, 925 சதுர கிலோமீட்டர். 1978இல் புலிகள் காப்பகமானது. அதன் நடுப்பகுதி 1982 முதல் தேசியப் பூங்கா. இங்கே கூடாரத்தில் தங்க வேண்டுமென்றால் வனத்துறை நடத்துகிற டைகர் டிரெயில் நடையில் சேர வேண்டும். ஒரு ராத்திரி இரண்டு பகல், அல்லது இரண்டு ராத்திரி மூன்று பகல். ஒரு ராத்திரிக்கே 20 கிலோமீட்டர் பக்கம் நடை இருக்கும். ஒரு குழுவில் ஐந்தாறு விருந்தாளிகளுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர். கூடாரம், பாய், தூங்கும் பை, பாத்திரம் பண்டம் எல்லாம் அவர்களே கொண்டுவருகிறார்கள். சைவச் சாப்பாடுதான். கஞ்சியும் பயறும் சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலும் காட்டில் நடந்த பசிக்கு எவ்வளவு ருசி என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குடி, புகை இரண்டுக்கும் அனுமதி இல்லை.

இந்த நடையின் உயிர் வழிகாட்டிகள்தான். ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்தவர்கள், வேட்டைக்குப் போனவர்கள் இவர்கள். வயணம் என்பது லவங்கப்பட்டை இனத்துக் காட்டு மரம். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களோடு பேசி, வழக்குகளிலிருந்து மீட்டு, காட்டைக் காக்கிற வேலையையும் வருமானத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்தது. எங்களோடு வந்த பெரியவர் ஓரிடத்தில் நின்று ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினார். இடுப்பு உயரத்தில் பழைய தழும்பு, ஓரமெல்லாம் பட்டை மூடி வளர்ந்து உதடு மாதிரி தடித்திருந்தது.

"இது நான் உரிச்சது தங்கச்சி. அப்ப ராத்திரி வந்து ராத்திரியே இறங்கிருவோம். இப்பப் பகல்ல வர்றேன்" என்றார்.

அவர் கை அந்தத் தழும்பின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. எத்தனை யானையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதான்.

யானையும் பார்த்தோம். முன்னால் போனவர் திடீரென்று கையைப் பின்பக்கம் நீட்டி நிறுத்தினார். பாதையில் கிடந்த சாணத்திலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு எங்களை மேட்டுப் பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். கீழே ஓடைக்கரையில் மூன்று யானைகள், நடுவில் ஒரு குட்டி. ஜீப்பிலிருந்து பார்ப்பதற்கும் தரையில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு உடனே சொல்லிவிடும். வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்; அதை நான் உணர்ந்ததே யானைகள் போன பிறகுதான்.

ராத்திரி கூடாரத்தைச் சுற்றி யானை தாண்ட முடியாத அகழி. வழிகாட்டிகள் மாறி மாறித் தீ வளர்த்து விழித்திருப்பார்கள். மிளா என்கிற கடமான் ஒன்று எங்கேயோ அடித்தொண்டையில் கத்தும், அப்புறம் ஒரே அமைதி. விடியும்போது ஏரியைப் பாருங்கள். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் நூற்றிருபது வருஷம் தாண்டியும் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்து உலர்த்தும். பனி விலக விலக ஒவ்வொரு மரமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை கிடையாது, ஓடையில் முகம் கழுவுவதோடு சரி. பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், அதனால் நானே சொல்கிறேன்: ராத்திரி வெளியே போக வேண்டுமென்றால் காவலிருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர்கள் மரியாதையாக, தள்ளி நின்று துணை இருப்பார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கூச்சம் இருக்கும். மழைக்காலமென்றால் அட்டை. முழங்கால் வரை கட்டுகிற அட்டை உறை கொடுப்பார்கள், அதற்கு மேலும் ஏறும். பிடுங்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும். இன்னொன்று, கூடாரம் உங்கள் இருவருக்குத் தனி என்றாலும் பகல் முழுக்க நீங்கள் தனியாக இல்லை. பேசக் கூடாது, வரிசை விடக் கூடாது. கணவனும் மனைவியும் கைகோர்த்துப் பேசிக்கொண்டே போகிற நடை இது இல்லை.

அதற்குத்தான் பரம்பிக்குளம்.

கேரளத்தின் இரண்டாவது புலிகள் காப்பகம் அது, 640 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனப்பாடியில் வனத்துறை போட்டிருக்கிற கூடாரங்கள் நிலையானவை. உள்ளே கட்டில் மெத்தை, பின்னால் ஒட்டியே குளியலறை. ஜிப்பைத் திறந்தால் புல்வெளி, அதில் புள்ளிமான் கூட்டம். மனுஷ நடமாட்டம் இருந்தால் சிறுத்தை கிட்டே வராது என்பதால் மான்கள் ராத்திரி கூடாரத்துப் பக்கமாகவே வந்து படுத்துக்கொள்கின்றன என்று அங்கே சொன்னார்கள். டார்ச் அடித்தபோது முப்பது நாற்பது ஜோடிக் கண்கள் பச்சையாகத் திரும்பின. இரண்டாவது தடவை அடிக்க மனசு வரவில்லை.

தங்கும் தொகையிலேயே சாப்பாடு, வனத்துறை வண்டியில் சுற்றுலா, மூங்கில் தெப்பம், சிறிய நடை, பழங்குடியினரின் ஆட்டம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. வழிகாட்டிகள் காடர், மலசர் போன்ற அந்த மண்ணின் மக்கள். காட்டுமாடுகளை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நிம்மதியாக மேய்ந்துகொண்டு நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கன்னிமாரா தேக்கு இங்கேதான் நிற்கிறது. சுமார் 40 மீட்டர் உயரம், 7 மீட்டர் சுற்றளவு. வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் வந்தது, அதனால் விட்டுவிட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள் என்பது அங்குள்ளவர்கள் சொல்கிற கதை. சுற்றி இருப்பதெல்லாம் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரிசை வரிசையாக நட்ட தேக்கு; நடுவில் நடாமல் முளைத்த இந்த ஒரு மரம். அதைப் பார்த்த பிறகு நட்ட காட்டுக்கும் தானே வளர்ந்த காட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஆனால் நடை என்று பார்த்தால் பரம்பிக்குளம் தேக்கடிக்கு ஈடு இல்லை. பெரும்பகுதி வண்டியில்தான். இறங்கி நடப்பது இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரம் உங்களுடையது. எங்கள் போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. சாயங்காலம் கூடாரத்து வாசலில் கட்டன் சாயாவோடு உட்கார்ந்து, வீட்டுக் கடன், அவர் அம்மாவின் கண் ஆபரேஷன், எனக்கு வேலை மாறலாமா என்று ஆறு மாதமாகப் பேசாமல் தள்ளிப்போட்டதையெல்லாம் பேசினோம். அந்தப் பேச்சு தேக்கடியில் நடந்திருக்காது.

தேக்கடிக்கும் பரம்பிக்குளத்துக்கும் நடுவில் சின்னாறு இருக்கிறது. மூணாறு–உடுமலை ரோட்டில் மறையூர் தாண்டி. தேசியப் பூங்கா இல்லை, வனவிலங்குச் சரணாலயம். 90 சதுர கிலோமீட்டர். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் முள்காடு, அட்டைத் தொல்லை குறைவு. சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் உண்டு. பாம்பாறும் சின்னாறும் சேருகிற கூட்டாற்றில் வனத்துறையின் மரவீடு ஒன்று இருக்கிறது. நடந்து போய்த்தான் சேர வேண்டும், வழிகாட்டிகளே சமைத்துக் கொடுப்பார்கள். நாங்கள் பகலில் மட்டும் அங்கே நடந்திருக்கிறோம், தங்கியதில்லை. அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இரவிகுளத்தைப் பலர் கேட்கிறார்கள். வரையாடு பார்க்க அருமையான இடம். ஆனால் ராஜமலை வரை வனத்துறை பஸ்ஸில் போய், ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து திரும்புவதுதான் பொதுவான ஏற்பாடு. வரையாடு குட்டி போடுகிற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும். அதற்கென்று போவதானால் போங்கள். குமுளிக்கு வருகிறவர்கள் கண்ணகி கோயிலுக்கு நடந்து போகலாமா என்றும் கேட்பார்கள். முடியாது. சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் அந்த வழி திறக்கும்.

எந்தக் காடானாலும் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மலை எங்கள் போடி பக்கத்து மலை. அந்த வாரம் இங்கே எந்த வீட்டிலும் வேறு பேச்சு இல்லை. கோடையில் தீ பயத்தால் நடையை நிறுத்திவைத்தால் வனத்துறையோடு சண்டைக்குப் போகாமல் வேறு மாதம் பாருங்கள். என் கணக்கில் டிசம்பரும் ஜனவரியும்தான் இரண்டு இடத்துக்கும் நல்லது. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை. வனத்துறையின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே பதிவு செய்யுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது? இருவரில் யாருக்குக் கால் பலம் குறைவோ, யாருக்கு ஆசை குறைவோ, அவர் அளவுக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது எங்களுக்குப் பட்டுத் தெரிந்தது. இரண்டாவது முறை தேக்கடி போனபோது, அவருக்கு வண்டியிலிருந்து விழுந்த பழைய முழங்கால் வலி இருந்தது. எனக்கு மூன்று நாள் நடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக அதையே பதிவு செய்தேன். இரண்டாம் நாள் இறக்கத்தில் அவர் முகம் மாறியது.

"ஏங்க, முடியலையா?"

"ஒண்ணுமில்ல, நட."

ஒண்ணுமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? முழங்கால் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. வழிகாட்டி அண்ணன் ஒரு மூங்கில் கம்பை வெட்டிக் கொடுத்து, அவர் பையையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, குழு முழுவதையும் அவர் வேகத்துக்கு இழுத்துப் பிடித்தார். கூட வந்த மற்ற நான்கு பேரும் ஒரு வார்த்தை முகம் கோணவில்லை. ஆனால் அவர் அந்த ஒரு பகல் முழுக்கக் காட்டையே பார்க்கவில்லை, தரையை மட்டும்தான் பார்த்தார். பக்கத்தில் மரத்தில் இருவாச்சி பெரிய சத்தத்தோடு இறக்கை அடித்துப் பறந்தபோதும் நிமிரவில்லை. நான் கட்டாயப்படுத்தி வாங்கிக் கொடுத்த பயணம் அது.

அடுத்த வருஷம் பரம்பிக்குளம் போனதே அதனால்தான். நன்றாக நடக்கிறவர்கள், ஒரு நாள் 10 கிலோமீட்டர் ஏற்ற இறக்கம் இருவருக்கும் சிரமமில்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு தேக்கடி போங்கள். அதற்கு நிகராக நான் பார்த்தது எதுவும் இல்லை. அதுவும் முதல் முறை ஒரு ராத்திரி மட்டும். அதற்கு முன் ஒரு மாதமாவது காலையில் பழைய, பழகிய ஷூவிலேயே நடந்து பாருங்கள். ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் பரம்பிக்குளம். தேக்கடியே வேண்டும், ஆனால் தரையில் படுக்க வேண்டாம் என்றால் குமுளியில் ரூம் எடுத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குக் கிளம்புகிற மூங்கில் தெப்பப் பயணத்தில் ஒரு நாள் போய்வாருங்கள். நடையும் உண்டு, தெப்பமும் உண்டு, ராத்திரி கட்டிலும் உண்டு.

அவர் முழங்கால் இப்போது தேவலை. தினமும் ஒன்றாம் மைல் வரை நடந்துவிட்டு வருகிறார். இந்த ஜனவரிக்குக் கூட்டாற்று மரவீட்டைப் பார்க்கலாம் என்று நேற்று அவராகவே சொன்னார்.