நகருக்குள் புகுந்து போவதா, சுற்றிப் போவதா?

நெடும்பயணத்தில் ஒரு பெரிய நகரம் குறுக்கே வருகிறது. விடியுமுன் அதன் நடுவே புகுந்து போய்விடலாம். இல்லையென்றால் வெளிவட்டச் சாலையில் சுற்றலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நகருக்குள் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி நெரிசலில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 80 நிமிடம். அதிகாலை நாலரைக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம்தான். வெளிவட்டம் 50 கிலோமீட்டர் இருந்தாலும், 75 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கண்ணுக்கு விருந்தெல்லாம் கிடையாது; லாரிகளும் கிடங்குகளும்தான்.

என் ஓட்டு அதிகாலைக்கு. ஊர் எல்லை தாண்டும்போது வெளிச்சம் வரும், பனி கலையுமுன் மலையடிவாரத்தில் இருக்கலாம். அப்புறம், இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பின்னிரவு இரண்டு முதல் ஆறு மணி வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும். முந்தைய இரவு சரியாகத் தூங்காதவருக்குச் சுற்றுப்பாதையே மேல், அதுவும் விடிந்த பிறகு. கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் முன்கண்ணாடியை முதல் நாளே துடைத்து வையுங்கள். உதயச் சூரியன் நேரே அடிக்கும்போது, காய்ந்த பூச்சிக் கறைகூட எதிரே வரும் வண்டியை மறைத்துவிடும்.

கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டால், இரண்டு பாதைக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.